படம் முடிந்த பின் சிங்கங்கள்

சிறுவர் முதல் முதியோர்வரை ஒருங்கே அமர்ந்து, எவரும் முகஞ்சுளிக்காமல் காணத்தக்க திரைப்படங்கள் மிகச் சிலவே. 1966-இல் வெளிவந்த 'பார்ன் ஃப்ரீ' என்னும் ஆங்கிலப் படத்தை அவற்றுள் ஒன்றாகத் தயங்காது கூறுவோம். ஜேம்ஸ் ஹில் இயக்கிய இப்படம் கென்யா நாட்டில் மெய்யாகவே நடந்த ஒன்றைத் தழுவியது.

வனவிலங்குக் காவல் அதிகாரியாகிய ஜார்ஜ் ஆடம்சன், 1956-இல் தம்மீது பாய்ந்த பெண்சிங்கம் ஒன்றைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. அது மூன்று குட்டிகளுக்குத் தாய் என்பது பிறகே தெரிந்தது. குட்டிகளை அவர் வீட்டுக்குக் கொணர, மனைவி ஜாய் பாலூட்டி வளர்த்தார். இரண்டு ராட்டர்டாம் நகரத்து விலங்குக் காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டன. மூன்றிலும் சிறியதாகிய எல்சா மட்டும் அவர்களோடு தங்கியது.

கடற்கரையில் எல்சா விளையாடுவதும், யானைக் கூட்டத்தைக் கலைத்து ஊரையே கலங்கடிப்பதும் பிள்ளைகளைக் கைகொட்டிச் சிரிக்கவைக்கும். ஆயின் படத்தின் உயிர்நிலை அங்கில்லை. வளர்ந்த எல்சாவைக் காட்சிச்சாலைக்கு அனுப்ப ஜாய் இசையவில்லை. காட்டிலேயே விட்டுவிட உறுதி பூணுகிறார். வேட்டையாடவே அறியாத அப்பிராணி, விட்ட இடத்தில் பசியால் மெலிந்து, காயமுற்றுக் கிடக்கிறது. வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் வயிறாவது நிறைந்திருக்கும் என்று நமக்கும் தோன்றும். ஜாயோ மீண்டும் முயல்கிறார். அன்பு செலுத்தியவரே வாயிற்கதவைத் திறந்துவிடும் அந்த வேதனையை, மகளை மணமுடித்து அனுப்பிய எந்தத் தாய்க்கும் விளக்கத் தேவையில்லை.

ஆடம்சன் தம்பதியராக நடித்த வர்ஜீனியா மெக்கென்னாவும் பில் டிராவர்ஸும் வாழ்விலும் கணவன் மனைவியரே. சிங்கங்களோடு நேரில் பழகியே நடித்தனர். அவற்றின் விளையாட்டில் அம்மையாரின் கணுக்கால் எலும்பு முறிந்ததும் உண்டு. ஜான் பாரியின் இசை இரண்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது.

திரையில் காணும் எல்சா உண்மை எல்சா அன்று. அது 1961-லேயே உண்ணியால் பரவும் நோய் கண்டு இறந்துவிட்டது. படத்திற்காக இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் கொணரப்பட்டன. விடுதலையின் பெருமையை உலகெங்கும் பறைசாற்றிய அச்சிங்கங்களுள் பெரும்பாலானவை, படப்பிடிப்பு முடிந்ததும் காட்சிச்சாலைகளுக்கே அனுப்பப்பட்டன. இதைவிடக் கசப்பான முரண்பாட்டை நாம் கண்டதில்லை. நடிகர் இருவரும் தடுக்க முயன்றும் பயனில்லை. மூன்றே சிங்கங்கள் ஆடம்சனிடம் ஒப்படைக்கப்பட, அவர் அவற்றைக் காட்டு வாழ்வுக்குப் பழக்கினார்.

அவற்றுள் ஒன்றின் பெயர் 'பாய்'. 1971-இல் அது முகாமின் பணியாளர் ஒருவரைக் கொன்றது. தாம் வளர்த்த சிங்கத்தை ஆடம்சன் தம் கையாலேயே சுட்டார். காட்டுவிலங்கை விடுவிப்பது இனிய இசையோடு முடியும் செயலன்று. அதற்கு ஓர் ஏழைத் தொழிலாளி உயிரையே கொடுக்கவும் நேரிட்டது. படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோர் இதனையும் வயதுக்கேற்பச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது நம் கருத்து. பாதி உண்மையைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பது எளிது.

அந்நடிகத் தம்பதியரை இத்தகைய துயரம் மற்றுமொருமுறை தொடர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு படத்தில் அவர்களோடு 'போலே போலே' என்னும் யானைக்கன்று நடித்தது. சுவாஹிலி மொழியில் 'மெல்ல, மெல்ல' என்பது அப்பெயரின் பொருள். கென்ய அரசு அக்கன்றை லண்டன் காட்சிச்சாலைக்கு அன்பளிப்பாக வழங்கவிருந்தது. அதனை விலைக்கு வாங்கிக் காக்க அவர்கள் விரும்பினர். ஆனால் அதற்கு ஈடாக வேறொரு கன்று காட்டில் பிடிக்கப்படும் என்று அறிந்து, மனமொடிந்து விலகினர். 1982-இல் அவர்கள் லண்டனில் போய் அழைத்தபோது, தனித்து நின்ற அந்த யானை அவர்களை அடையாளங் கண்டு துதிக்கையை நீட்டியது. மறு ஆண்டே அது இறந்தது.

1984-இல் அவ்விருவரும் 'ஜூ செக்' என்னும் அமைப்பைத் தொடங்கி, காட்சிச்சாலைகளில் அடைபட்ட விலங்குகளின் நிலையை ஆராயலாயினர். அவ்வமைப்பே பின்னாளில் தங்கள் பழைய படத்தின் பெயரைத் தாங்கியது.