பேத்தியின் உல்லாச யாத்திரை

மேற்குத் தாம்பரத்தில் உள்ள நமது வீட்டுக் கூடத்தில், மூன்று வார காலமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காரியக் கமிட்டி கூடிக்கொண்டிருக்கிறது. அங்கத்தினர்கள் நால்வர்: நாம், நமது சகதர்மிணி, குமாரன், மருமகள். விவாதத்துக்கு உரிய ஐந்தாவது ஆசாமியோ, கூட்டம் நடக்கும்போதெல்லாம் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து நமது மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவளை முதல் தடவையாக ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதா, போவதானால் எப்போது, எப்படி, யார் யார் போவது என்பதுதான் பிரச்னை.

பூங்கா எது என்பதில் தகராறு இல்லை. கொச்சியில் 2000-ஆம் வருஷம் ‘வீகாலாண்ட்’ என்ற பெயரில் ஆரம்பமாகி, பிறகு ‘வொண்டர்லா’ என்று பெயர் மாறி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேசுவரம் என்று ஊர் ஊராகக் கிளை விட்ட ஸ்தாபனம், 2025 டிசம்பரில் நமது பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் சுமார் 35 கிலோமீட்டர். அங்கே ‘தஞ்சோரா’ என்று ஒரு ராட்சத ரயில் ஓடுகிறது. தண்டவாளம் தலைக்கு மேலே. மனிதர்கள் அதற்குக் கீழே கால்கள் அந்தரத்தில் ஆடத் தொங்கிக்கொண்டு போகிறார்கள். குமாரன் அதன் படத்தைக் கைபேசியில் காட்டியபோது நாம் கண்ணை மூடிக்கொண்டோம். பெயர் தஞ்சாவூரை நினைவூட்டினாலும் அதைச் செய்து கொடுத்தவர்கள் சுவிட்ஸர்லாந்துக்காரர்கள் என்று அறிந்தபோது நமக்குச் சிறிது மனத்தாங்கல் ஏற்பட்டதையும் சொல்லிவிட வேண்டும். சந்திரனுக்கு விண்கலம் அனுப்பும் தேசம் ஒரு ராட்டினம் செய்யாதா? ஆனால் அது கமிட்டியின் பரிசீலனைக்கு வந்த விஷயம் அல்ல.

கமிட்டியின் முதல் தீர்மானம் பாப்பாவின் உயரத்தைப் பற்றியது. இப்பூங்காவில் குழந்தைகளுக்கு வயதைக் கேட்டுச் சீட்டுக் கொடுப்பதில்லை. உயரத்தை அளந்து கொடுக்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்கு இலவசம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பாவை அறைவாசல் நிலையோடு சேர்த்து நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டோம். 84 சென்டிமீட்டர். “ரெண்டு மாசம் தள்ளிப் போட்டால் இவளுக்கும் ஒரு சீட்டு வாங்க வேண்டியதுதான்” என்றாள் நமது சகதர்மிணி. அவள் சொன்னது சரியே. இரண்டு வயதுப் பெண் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 86 சென்டிமீட்டர் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் அட்டவணை சொல்கிறது.

இலவசம் என்றதும் நமக்கு உண்டான சந்தோஷம், காரணத்தை விசாரித்தபோது பாதியாகிவிட்டது. அந்த உயரத்துக் குழந்தை ஏறுவதற்கு அங்கே அதிகமாக ஒன்றும் இல்லை என்பதே காரணம்! பெரிய ராட்டினங்களில் சிலவற்றுக்கு 120, சிலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் வேண்டும். இதில் அநியாயமும் இல்லை. உட்காருகிறவரைப் பிடித்து வைக்கிற இரும்புக் கை, தோளும் தொடையும் ஓர் அளவுக்கு வளர்ந்த உடம்பை உத்தேசித்துச் செய்தது. சிறு உடம்பு அதற்குள் நழுவிவிடும். மேலும், பெரியவர்களுக்குத் தலை உடம்பில் எட்டில் ஒரு பங்கு. இந்தப் பிராயத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்குகிற கழுத்தோ இன்னும் இளசு. அதைச் சுழற்றி உலுக்கலாமா?

“அப்படியானால் இவள் அங்கே போய் என்ன செய்வாள்?” என்று கேட்டோம்.

“குழந்தைகளுக்குச் சின்ன ராட்டினங்கள் தனியாக இருக்கும், அப்பா. ஆழமில்லாத தண்ணீர்த் தொட்டி இருக்கும். பார்த்தாலே சந்தோஷப்படுவாள்” என்றான் குமாரன்.

அவன் சொன்ன வேகத்தில் ஏதோ ஒன்று நம்மை உறுத்தியது. அது இன்னதென்று அப்போது புரியவில்லை.

மருமகள் அதிகம் பேசாதவள். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். பாப்பா காலை ஆறரைக்கு எழுந்திருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குத் தூங்கப் போகிறாள். இரண்டு மணி வரையில் தூங்குகிறாள். அந்தத் தூக்கம் தவறினால் அன்று சாயங்காலம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரையில் உள்ள குழந்தைக்கு இரவும் பகலுமாக 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது வைத்தியர்கள் கணக்கு. பூங்கா காலையில் திறந்து சாயங்காலம் மூடுகிறது. குழந்தையோ நடுப்பகலில் மூடிவிடுகிறது! இந்த இரண்டு கால அட்டவணைகளையும் எப்படிப் பொருத்துவது?

“மாமா, முதலில் பக்கத்தில் எங்கேயாவது ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம்” என்றாள் மருமகள். நாம் ஆமோதித்தோம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஒத்திகைக்கு வண்டலூரை விட நல்ல இடம் ஏது? தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர், அதற்கடுத்தது வண்டலூர். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ரயிலில் டிக்கெட் இல்லை. செவ்வாய்க்கிழமை மிருகக் காட்சி சாலைக்கு விடுமுறை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

நமது பால்யத்தில் மிருகக் காட்சி சாலை வண்டலூரில் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த பீபிள்ஸ் பார்க்கில், மூர் மார்க்கெட்டை ஒட்டினாற்போல் இருந்தது. 1855-இல் எட்வர்ட் பால்பர் என்ற வெள்ளைக்கார வைத்தியர் எழும்பூர் மியூசியத்தில் சில பிராணிகளைச் சேர்த்து ஆரம்பித்தது; பிற்பாடு அங்கே இடம் மாறியது. சென்னைவாசிகள் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக் காட்சி சாலையை ‘உயிர்க் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். கலாசாலைப் படிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமர்சித்ததில்லை! 1931-இல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் நமது தகப்பனார் நம்மைத் தாம்பரத்திலிருந்து பார்க் ஸ்டேஷன் வரை அழைத்துப் போய் அந்த உயிர்க் காலேஜைக் காட்டியிருக்கிறார். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்தது. அதே வருஷம் ஜூலையில் வண்டலூர்க் காட்டில் புதிய மிருகக் காட்சி சாலை திறக்கப்பட்டது. அந்தப் பிராணிகள் நாம் இருக்கும் பக்கமாகவே வீடு மாற்றிக்கொண்டு வந்தது நமக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

ஒத்திகை நாளன்று ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். ரயில் பாப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வண்டலூரில் இறங்க மாட்டேன் என்றாள். இறக்கினோம். வெள்ளைப் புலியின் எதிரே தூக்கி நிறுத்தி, “பாப்பா, அதோ பார், புலி!” என்று நால்வரும் ஏக காலத்தில் கூவினோம். அவள் வேறு பக்கம் கை நீட்டி, “காக்கா!” என்றாள். உண்மைதான், வேலிமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. நமது வீட்டு மாடிக்குத் தினமும் வருகிற காக்கையைப் போன்ற காக்கைதான். அதற்கு அப்புறம் ஒரு குடிதண்ணீர்க் குழாய் அகப்பட்டது. சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்த அந்தக் குழாயின் முன்னால் அவள் அரைமணி நேரம் குந்தியிருந்தாள். அங்கிருந்து நகர்த்த முயன்றபோது தரையில் படுத்துச் சத்தியாக்கிரகம் ஆரம்பித்தாள். கோரிக்கை இன்னதென்று அவள் தெரிவிக்காததனால் ராஜி பேசவும் வழியில்லாமல் போயிற்று. பதினொன்றே முக்கால் மணிக்கு மருமகளின் தோளில் தூங்கிவிட்டாள். சிங்கம், நீர்யானை முதலிய பிரமுகர்களைப் பேட்டி காணாமலே நாங்கள் திரும்பினோம்.

அன்றிரவு கமிட்டியில் மருமகள் அறிக்கை சமர்ப்பித்தாள். பூங்கா திறக்கும் நேரத்துக்கே உள்ளே போய்விட வேண்டும். முதலில் சின்ன ராட்டினம். பிறகு தண்ணீர், அதுவும் பாப்பாவின் உதடு நடுங்குவதற்கு முன்னால் துவட்டி எடுத்துவிட வேண்டும். வெளி உணவுக்குத் தடை இருந்தாலும் குழந்தை உணவுக்கு விலக்கு உண்டாம், ஆகவே ரசம் சாதமும் வாழைப்பழமும் கொண்டு போக வேண்டும். சத்தம் மிகுந்த பக்கம் போகக் கூடாது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

“பன்னிரண்டு மணிக்கேவா?” என்றான் குமாரன்.

அந்தக் குரல் முப்பத்தெட்டு வயது உத்தியோகஸ்தனின் குரலாக இல்லை.

“வேண்டுமானால் இரண்டு மூன்று வருஷம் போகட்டுமே. அவளுக்கும் ஞாபகம் இருக்கும். தள்ளிப் போடலாம்” என்றோம் நாம். மேலும், ராட்டினத்தில் ஏறாத கிழவர் பெஞ்சில் உட்காருவதற்கு ஒரு சீட்டு வாங்குவது வீண் செலவு என்றும், ஆகையால் நாம் வீட்டிலேயே இருந்துவிடுவதாகவும் சொல்லிச் சிக்கனத்தைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமும் செய்தோம். குமாரன் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். இந்தக் கமிட்டியின் சரித்திரத்தில் அதுதான் முதல் வெளிநடப்பு.

எல்லோரும் படுத்த பிறகு நமது சகதர்மிணி கூடத்து விளக்கைப் போட்டு, “இங்கே வந்து இதைப் பாருங்கள்” என்றாள். அறைவாசல் நிலையில் பாப்பாவுக்குப் போட்ட புதுக்கோட்டுக்கு மேலே வரிசையாகப் பழைய கோடுகள். அவையெல்லாம் குமாரனுடையவை. வர்ணம் பூச ஆள் வரும்போதெல்லாம் அந்த நிலையை மட்டும் தொடக்கூடாது என்று அவள் தடுத்து வைத்தவை. ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில் ‘1995’ என்று எழுதியிருந்தது. குழந்தைக் கையெழுத்து. அவனே எழுதியது.

1995-ஆம் வருஷம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் வரதராஜபுரத்தில் கிஷ்கிந்தா திறந்தார்கள். அதை அமைத்தவர் நவோதயா அப்பச்சன். 1984-இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற, நம் தேசத்தின் முதல் முப்பரிமாணப் படத்தைத் தயாரித்தவர். வானர ராஜ்யத்தின் பெயரைக் குழந்தைகளின் விளையாட்டு ஸ்தலத்துக்கு வைத்தாரே, அவருக்குக் குழந்தைகளைத் தெரிந்திருக்கிறது என்று நாமே அப்போது மெச்சிக்கொண்டோம். குமாரனுக்கு வயது எட்டு. பள்ளிக்கூடத்தில் போய் வந்த பிள்ளைகள் சொன்ன கதைகளை வீட்டில் வந்து ஒப்பிப்பான். “எப்போது போகலாம், அப்பா?” என்று கேட்டான். வீட்டுக் கடன் தவணையும் மூன்று சீட்டின் விலையும் நமது மனத்தில் கூட்டல் கழித்தலாக ஓடின. “முழுப் பரீட்சை முடியட்டும்” என்றோம். முடிந்தது. “தீபாவளி போகட்டும்” என்றோம். போயிற்று. “அடுத்த கோடை விடுமுறையில் கட்டாயம்” என்றோம். உயரம் போதாவிட்டால் ராட்டினத்தில் ஏற்ற மாட்டார்களாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அவன் மாதத்துக்கு ஒரு தரம் இந்த நிலையில் சாய்ந்து நின்று தன்னை அளந்துகொண்டிருந்தான். இது நமக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

“மூணு தடவை கேட்டான். நாலாவது தடவை கேட்கவே இல்லை. நீங்கள் கவனித்தீர்களா?” என்றாள்.

கவனிக்கவில்லை. கேட்பதை விட்டுவிட்டானே என்று அக்காலத்தில் நிம்மதியாகக்கூட இருந்திருப்போம். அப்புறம் தவணையும் தீர்ந்தது, சம்பளமும் உயர்ந்தது. ஆனால் அதற்குள் பையன் காலேஜுக்குப் போய்விட்டான். காலேஜில் படிக்கிறவனிடம் போய், “வா அப்பா, ராட்டினம் சுற்றலாம்” என்று யார் சொல்வார்கள்?

வால்ட் டிஸ்னியைப் பற்றி ஒரு விஷயம் பிரசித்தம். லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிபித் பார்க் என்ற தோட்டத்தில் தம்முடைய இரண்டு பெண்களையும் குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம். குழந்தைகள் விளையாடப் பெரியவர்கள் சும்மா காத்திருப்பானேன், இருவரும் சேர்ந்து குதூகலிக்க ஓர் இடம் இருக்கக்கூடாதா என்று அந்தப் பெஞ்சில்தான் அவருக்குத் தோன்றியதாம். 1955 ஜூலையில் டிஸ்னிலாண்ட் திறந்தார். நமக்கு அவ்வளவு பெரிய யோசனை எதுவும் உதிக்கவில்லை. பெஞ்சு மட்டும் ஞாபகத்தில் நின்றது.

மறுநாள் காலையில் காப்பி சாப்பிடும்போது அவசரக் கூட்டம் கூட்டினோம். முந்திய இரவு நாம் கொண்டுவந்த ஒத்திவைப்புப் பிரேரணையை வாபஸ் வாங்கிக்கொண்டோம். யாத்திரை அடுத்த வாரத்திலேயே, கூட்டம் குறைந்த ஒரு புதன்கிழமையில். நாமும் வருகிறோம். மருமகளின் நோட்டில் உள்ள அட்டவணைப்படி பன்னிரண்டு மணி வரையில் பாப்பாவின் காரியங்கள் நடக்கும். பன்னிரண்டு அடித்ததும் அவளை நம் மடியில் போட்டுவிட வேண்டும். மரநிழலாகப் பார்த்து ஒரு பெஞ்சில் நாம் உட்கார்ந்திருப்போம். ஒரு பக்கத்தில் பாட்டி விசிறிக்கொண்டிருப்பாள். இரண்டு மணி வரையில் பாப்பா எழுந்திருக்க மாட்டாள். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் குமாரனும் மருமகளும் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தலைகீழாகவும் தொங்கலாம்.

“நீங்கள் வேறு வெயிலில் எதற்கு, அப்பா?” என்றான் குமாரன்.

“உன்னுடைய சீட்டுக்கு மட்டும் நாம் பணம் கொடுக்கிறோம்” என்றோம்.

அவன் சிரித்தான். “என் சம்பளத்தில் வாங்க முடியாதா?” என்று கேட்டான். பிறகு நமது முகத்தைப் பார்த்தான். பிறகு, எதையோ தேடுகிறவன்போல, அறைவாசல் நிலையைத் திரும்பிப் பார்த்தான். பாப்பா மேஜைக்கு அடியிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு வந்து அவன் கையில் வைத்து, “திற” என்றாள்.

“சரி, அப்பா, கொடுங்கள்” என்றான்.

உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்து கொடுத்தோம். எண்ணிப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.