இடைச்செருகல்

அம்மாவுக்கு நான் வாங்கிக்கொடுத்த முதல் தொடுதிரைச் செல்பேசியின் விலை 3,900 ரூபாய். 2019ஆம் ஆண்டு ஆடி மாதம், திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைவீதியில் வாங்கினேன். அதற்குமுன் கேள்விப்பட்டிராத பெயர். பெட்டியின்மேல் அச்சாகியிருந்த ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. பிழை திருத்தியே பிழைப்பு நடத்துகிற எனக்கு அப்போதே சற்று உறைத்திருக்க வேண்டும். ஊரில் தனியாக இருக்கிற அம்மாவுக்குப் பேரன் முகத்தைத் திரையில் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே, அதற்கு இது போதும் என்று நினைத்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு எனக்கென்று 18,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் பொருளில்லை.

அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். செல்பேசி போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் அம்மா பக்கத்து வீட்டுச் செல்பேசியிலிருந்து அழைத்தார். "தம்பி, அம்பது ரூபா போட்டேன். காலையில பாத்தா ஒண்ணுமில்ல. நான் தொடவே இல்லப்பா. அதுவா போவுது."

"அதுவா எப்படிம்மா போகும்? நீதான் எதையாவது அமுக்கியிருப்ப."

இந்த உரையாடல் அடுத்த மூன்று மாதங்களில் ஏழெட்டு முறை நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் என் குரலில் கொஞ்சம் பொறுமை குறைந்திருக்கும். ஒருமுறை, வகுப்பு முடிந்து களைப்பாக இருந்த வேளையில், "படிக்கத் தெரியாட்டி சும்மா வச்சிருக்கணும்மா, கண்டதையும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நாளிதழை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். பதில் ஒன்றும் பேசாமல் இணைப்பைத் துண்டித்தார்.

பிறகு விளம்பரங்கள் வரத் தொடங்கின. பூட்டைத் திறந்தவுடன் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில், அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அரைகுறை ஆடையில் ஒரு பெண்ணின் படம் தோன்றியிருக்கிறது. அம்மா செல்பேசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. என் தங்கையிடம் சொல்லி, அதையும் 'அண்ணனிடம் சொல்லாதே' என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். தான் எதையோ தேடிப் பார்த்ததாக நான் நினைத்துவிடுவேனோ என்கிற பயம். எழுபது வயதுக்காரர் மகனிடம் நல்ல பெயர் வாங்க ஒரு பொருளை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

அதன்பின் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். அணைத்து வைத்தால் காசு போகவில்லை, போட்டு வைத்தால் போகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை பேரனோடு பேச மட்டும் அதை உயிர்ப்பித்தார். மற்ற நாள்களில் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். யோசித்துப் பார்த்தால் இது ஒரு முறையான சோதனை. ஒன்றை மாற்றி, விளைவைக் கவனித்து, முடிவு கண்டிருக்கிறார். முதுகலை படித்த நான் ஒரு தடவைகூட அதைச் செய்யவில்லை.

ஐப்பசியில் மணப்பாறையில் சித்தி காலமானார். விடியற்காலை நான்கு மணி. என் செல்பேசி இரவில் ஒலியடங்கிக் கிடக்கும். ஏழு மணிக்குத்தான் பார்த்தேன். அம்மாவை அழைத்தால் அணைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தார்கள். யார்யாரையோ பிடித்துச் செய்தி அம்மாவின் காதுக்கு எட்டியபோது மணி பதினொன்றரை. புதுக்கோட்டை வழியாகப் பேருந்து மாறிமாறி அவர் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். கூடப் பிறந்தவளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "போனைப் போட்டு வச்சிருக்கலாம். காசு போனாப் போவுதுன்னு இருந்திருக்கலாம்."

காரியம் முடிந்து திருச்சிக்குத் திரும்பியபோது அந்தச் செல்பேசியைக் கையோடு கொண்டுவந்தேன். பாலக்கரையில் செல்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார் என் பழைய மாணவர் ஒருவர். தமிழ் இலக்கியம் மூன்றாண்டு படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். 'இலக்கியம் சோறு போடாது' என்பதற்கு அவரை உதாரணம் காட்டுவோர் எங்கள் துறையிலேயே உண்டு. நான் அப்படிக் காட்டியதில்லை. அவர் கையெழுத்து அவ்வளவு அழகு. செல்பேசியைக் கையில் வாங்கியவுடன் சிரித்தார். "ஐயா, இது கூடவே பொறந்தது. ரீசெட் பண்ணாலும் போகாது."

உண்மைதான். நானே ஒருமுறை முழுவதையும் அழித்துப் புதிதாக்கிப் பார்த்திருந்தேன். இரண்டே நாளில் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. அதன் காரணத்தை அவர் அன்று விளக்கினார். செல்பேசியின் நினைவகம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. நாம் நிறுவுகிற செயலிகளும் நம் படங்களும் ஒரு பகுதியில். இயங்குதளமும் அதனுடன் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்படும் செயலிகளும் வேறொரு பகுதியில். இந்த இரண்டாவது பகுதியைப் பயனர் படிக்கலாம், எழுத முடியாது. ரீசெட் துடைப்பது முதல் பகுதியை மட்டுமே. ஆக, வீட்டுக்காரர் தன் சாமான்களையெல்லாம் வெளியே எறிந்துவிட்டு மறுபடி குடிபுகலாம். சுவருக்குள் குடியிருப்பவன் அங்கேயே இருப்பான்.

மறுநாள் சேவை நிறுவனத்தை அழைத்து அம்மாவின் எண்ணில் என்னென்ன சந்தா இருக்கிறது என்று கேட்டேன். கிரிக்கெட் நிலவரம், ராசிபலன், ஆங்கிலப் பாடம், காதல் கவிதை. காதல் கவிதை இந்தியில். 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சந்தாதாரரிடம் இரண்டு முறை ஒப்புதல் பெறாமல் இத்தகைய சேவையைத் தொடங்கக் கூடாதென்று கட்டளையிட்டது. நிறுத்துவதற்கு 155223 என்று பொதுவான எண்ணும் உண்டு. நல்ல விதிதான். ஆனால், ஒப்புதல் தருபவர் மனிதர் என்பது அதன் அடிப்படை. குறுஞ்செய்தி அனுப்பவும் படிக்கவும் உரிமை பெற்ற ஒரு செயலி உள்ளே இருந்தால், கேள்விக்கு அதுவே பதில் சொல்லிக்கொள்ளும், அழித்தும்விடும். இரண்டு முறை என்ன, இருபது முறை கேட்டாலும் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை.

சுவடிப் பதிப்பைப் பாடமாக நடத்துகிறவனுக்கு இதைக் கேட்டபோது ஒரு சொல்தான் தோன்றியது: இடைச்செருகல். ஆண்ட்ராய்டின் மூலப் பனுவல் பொதுவில் கிடைப்பது. அதை எடுத்துச் சில்லு தயாரிப்பவர் ஒரு படி எழுதுகிறார். கருவியை வடிவமைக்கும் தொழிற்சாலை அதிலிருந்து இன்னொரு படி. புதுப்பிப்புச் சேவை தருகிற நிறுவனம் தன் பங்கைச் சேர்க்கிறது. கடைசியில் தன் பெயரைப் பொறித்துக்கொள்கிற வணிகர் விளம்பரச் செயலிகளைச் சேர்க்கிறார். ஒவ்வொரு கையிலும் சில வரிகள் கூடுகின்றன. வாசகர் முழுவதையும் மூலமென்று நம்பி வாங்கிப்போகிறார். இது என் கற்பனை அல்ல. ட்ரையடா என்ற நச்சுநிரல் சில மலிவு விலைச் செல்பேசிகளில் பிறவியிலேயே இருந்ததை 2017இல் டாக்டர் வெப் என்னும் ரஷ்ய நிறுவனம் வெளியிட்டது. கூகுளே 2019 ஜூன் மாதம் அதை உறுதிசெய்து, வழியையும் விளக்கியது. முகம் பார்த்துப் பூட்டைத் திறப்பது போன்ற ஏதோவொரு வசதியைச் சேர்த்துத் தரும்படி தயாரிப்பாளர்கள் முழு இயங்குதளப் படியையும் வெளியாளிடம் ஒப்படைக்கிறார்கள். திரும்பி வரும்போது அதில் நச்சு கலந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் எல்லாச் செயலிகளும் ஸைகோட் என்ற ஒரே தாய்ச் செயல்முறையிலிருந்து பிறக்கின்றன. கருமுட்டை என்றுதான் அதற்குப் பொருள். ட்ரையடா புகுந்துகொள்வது அந்தக் கருவுக்குள்.

மாட்ரிடை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் 2019இல், 214 தயாரிப்பாளர்களின் 1,700க்கும் மேற்பட்ட கருவிகளிலிருந்து 82,000க்கும் மேற்பட்ட முன்நிறுவப்பட்ட செயலிகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பல கருவிகளின் படிகளை ஒப்பிட்டு எது எங்கே நுழைந்தது என்று பார்க்கிற வேலை. ஏறத்தாழ நம் பதிப்பாசிரியர்கள் ஏடுகளை வைத்துக்கொண்டு செய்தது.

2016 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான செய்தி இன்னும் வெளிப்படையானது. மயாமியிலிருந்து இயங்கும் ப்ளூ என்ற நிறுவனம் ஏறத்தாழ 50 டாலருக்கு விற்ற ஒரு செல்பேசி, உரிமையாளரின் குறுஞ்செய்திகளை முழு வாசகத்தோடும், அழைப்புப் பட்டியலோடும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை ஷாங்காயிலிருந்த அடப்ஸ் என்ற நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பிவந்ததை கிரிப்டோவயர் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அடப்ஸ் செய்துவந்த தொழில் என்ன தெரியுமா? செல்பேசிகளுக்குப் புதுப்பிப்பு வழங்குவது. காவலுக்கு வைத்த ஆள்.

என்னை அதிகம் உலுக்கியது 2020 ஜனவரியில் படித்தது. அமெரிக்க அரசு ஏழைகளுக்குத் தொலைபேசி வசதி கிடைக்க லைஃப்லைன் என்று ஒரு மானியத் திட்டம் வைத்திருக்கிறது. அதன்கீழ் 35 டாலருக்கு விற்கப்பட்ட ஒரு செல்பேசியை மால்வேர்பைட்ஸ் நிறுவனம் ஆராய்ந்தது. கேட்காமலே பிற செயலிகளை நிறுவுகிற புதுப்பிப்புச் செயலி ஒன்று, அடப்ஸின் உறவுமுறைதான். அதை நீக்கினால் இயங்குதளத்துக்குப் புதுப்பிப்பு வர வழியில்லை. இன்னொன்று, அமைப்புகள் செயலியே. ஆம், எதை முடக்குவதற்கும் நாம் போய் நிற்கிற அந்த இடமே நச்சு. அதை நீக்கினால் செல்பேசி வெறும் கண்ணாடித் துண்டு. திட்டத்தின்கீழ் விற்ற நிறுவனம் இந்த முடிவுகளை ஒப்பவில்லை. அதே மாதம் பிரைவசி இன்டர்நேஷனலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகளும் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சைக்கு ஒரு திறந்த மடல் எழுதின. மலிவுக் கருவி வாங்குகிறவர் தன் அந்தரங்கத்தை விலையாகக் கொடுக்க நேரக் கூடாது, முன்நிறுவப்பட்ட செயலிகளை நிரந்தரமாக நீக்கும் உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். மதுரையில் பிறந்தவருக்கு 3,900 ரூபாய்ச் செல்பேசியை யார் வாங்குவார்கள் என்று தெரியாமலிராது.

பாலக்கரை மாணவர் செய்தது இது. அமைப்புகளுக்குள் போய், கட்டமைப்பு எண் என்ற வரியை ஏழு முறை தட்டினார். மந்திரம்போல ஏழு முறை. அதன் பிறகே உருவாக்குநர்களுக்கான கதவு திறக்கிறது. பிறகு கம்பியால் கணினியோடு இணைத்து, கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுதினார். செயலிகளின் முழுப் பட்டியல் வந்தது. முகப்பில் படமே இல்லாமல் ஒளிந்திருந்தவை பதினொன்று. ஒன்றின் பெயர் புதுப்பிப்பு, இன்னொன்று வானிலை. இரண்டுக்கும் குறுஞ்செய்தி அனுப்ப உரிமை. அமைப்புகளில் அவற்றின் 'முடக்கு' பொத்தான் மங்கிக் கிடந்தது. கட்டளை மூலம் ஒவ்வொன்றாக அகற்றினார். "முழுசா போகலைங்கய்யா. ஏட்டுல இருக்கும். இந்தப் பயனருக்கு மட்டும் காட்டாது. ரீசெட் பண்ணீங்கன்னா திரும்ப வந்துரும்" என்றார். ஏட்டுல என்றுதான் சொன்னார். மூன்றாண்டு படித்தது வீண்போகவில்லை.

ஆனாலும் அதை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பொத்தான் செல்பேசி ஒன்றை வாங்கிக்கொண்டு, இதில் ஒன்றும் நுழைய முடியாது என்ற நிம்மதியோடு ஊருக்குப் போனேன். அந்த நிம்மதியும் 2021 வரைதான். ரஷ்யாவில் ஓர் ஆய்வாளர் கடையில் வாங்கிய ஐந்து பொத்தான் செல்பேசிகளைச் சோதித்து, நான்கு உரிமையாளருக்குத் தெரியாமல் எங்கோ தகவல் அனுப்புகின்றன என்றும், கட்டணக் குறுஞ்செய்தி அனுப்புவதும் அவற்றில் உண்டென்றும் எழுதினார். அம்மாவுடையது வேறு நிறுவனத்தினுடையது. இருந்தாலும் மாதம் ஒருமுறை இருப்பைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று ஊரில், அம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், சுவருக்குள் ஆள், கிரிக்கெட், இந்திக் கவிதை. "உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ சொன்னதுதான் சரி. அதுவாதான் போச்சு" என்றேன். இதைச் சொல்வதற்காகவே ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

அம்மா முறத்தை நிறுத்தவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். சிறிது நேரம் கழித்து, "அப்ப அந்தக் காசெல்லாம் யாருக்குத் தம்பி போச்சு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். "ம்" என்றார். பிறகு பொத்தான் செல்பேசியை எடுத்து, சித்தியின் எண்ணை அதில் ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன்.