டெட்ராய்ட் ஒரு மணி நேரத் தொலைவில்

நாற்பது வயதைத் தொட்டும் நான் ஒப்பந்த வேலைக்காரனாகவே இருந்தேன். ஒரு கம்பெனியின் புராஜெக்ட் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். கூடப் படித்தவர்கள் டைரக்டர், வைஸ் பிரசிடெண்ட் என்று போய்விட்ட குமைச்சல் உள்ளுக்குள் இருந்தது. அந்தக் காலத்தில்தான் ஒஹையோ மாநிலத்தின் டொலீடோவில் மைக் ஹெஸ்மன் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் ஆடுவதைப் பார்த்தேன்.

அவர் ஆடிய டொலீடோ மட் ஹென்ஸ் என்பது டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் கிளை. உச்ச நிலையான மேஜர் லீகுக்கு ஒரே ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ நிலையில் ஆடுகிறது. டெட்ராய்ட் மைதானம் காரில் ஒரு மணி நேரத் தொலைவுதான். அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க முடியாமலே பலருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துவிடும்.

ஹெஸ்மனைப் பள்ளி முடித்த கையோடு 1996-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. மேக்கன், கிரீன்வில், ரிச்மண்ட் என்று கீழிருந்து ஏறி, 2003-இல்தான் மேஜர் லீகில் கால் வைத்தார். நிலைக்கவில்லை. பிறகு டொலீடோ, பஃபலோ, ஜப்பானின் ஓரிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, லூயிவில், மறுபடியும் டொலீடோ. மேலே அவர் ஆடியது மொத்தம் 109 ஆட்டங்கள், அடித்தது 14 ஹோம் ரன். ஸ்ட்ரைக் அவுட்டும் நிறைய ஆவார். மேலே அவரை வைத்துக்கொள்ளாததற்கு அது ஒரு காரணம் என்று அரங்கில் பக்கத்து இருக்கைக்காரர்கள் சொல்வார்கள்.

கீழே, மைனர் லீக்குகளில், அவர் அடித்தவை 433. பஸ் ஆர்லெட் என்ற ஆட்டக்காரர் 1930-களில் விட்டுப்போன 432 என்ற சாதனையை 2015 ஆகஸ்ட் 3 அன்று, டொலீடோவிலேயே, மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்த கிராண்ட் ஸ்லாமால் கடந்தார். அப்போது அவருக்கு வயது 37. தன்னைவிடப் பத்து, பதினைந்து வயது இளையவர்கள் மேலே போவதை ஆண்டுதோறும் பார்த்தவர். கூட்டமே வராத ஏப்ரல் குளிரிலும் மூன்றாம் பேஸில் அதே கவனத்தோடு குனிந்து நிற்பார். பதவி உயர்வு யார் கையிலோ இருக்கிறது, இன்றைய ஆட்டம் என் கையில் இருக்கிறது என்பதை அவரைப் பார்த்துத்தான் நான் நம்பத் தொடங்கினேன். அதற்குப் பிறகு யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த கணினி நிரலையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். குமைச்சல் ஒரே நாளில் போகவில்லை; தூக்கம் மட்டும் சீக்கிரமே திரும்பிவிட்டது.

ஆனால் இந்தப் பொறுமையை மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்வது அநியாயம். ஆட்டத்தின் மேல் இருக்கும் ஆசையைக் காட்டியே மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காதபடி 2018-இல் சட்டமே வந்தது. 2022-இல் ஆட்டக்காரர்கள் சங்கம் சேர்ந்தார்கள். அதன் பலனாக 2023-இல் டிரிபிள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. வேலையை நேசிப்பவனுக்கும் வாடகை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாக இதை நான் அழுத்திச் சொல்வேன்.

அமெரிக்காவின் சின்ன ஊர்களில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மைனர் லீக் அணி இருந்தால் ஒரு மாலை பிள்ளைகளோடு போய் உட்காருங்கள். அணியில் வயதில் மூத்த ஆட்டக்காரர் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் மட்டையோடு வரும்போது பெயர் சொல்லிக் கைதட்டுங்கள்.