லோனாவாலா கல்லும் சித்தப்பாவின் லெமூரியாவும்

டிஜிட்டல் டெஸ்கில் சில செய்திகளுக்கு சீசன் உண்டு. மழைக்காலத்தில் ஏரி நிலவரம், மார்ச்சில் ஹால் டிக்கெட். சீசனே இல்லாமல் எப்போதும் ஓடுவது குமரிக்கண்டம். 'கடலில் மூழ்கிய தமிழர் கண்டம்' என்று தலைப்பு வைத்தால் க்ளிக் அள்ளும். அப்படி ஒரு வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட சித்தப்பா, "நீ பத்திரிகையிலதானே இருக்க, இதை எழுதேன்மா" என்றார்.

தேட ஆரம்பித்ததும் முதலில் கிடைத்தது ஒரு பெயர். மடகாஸ்கரில் இருக்கும் லெமூர்களுக்கு, நம் ஊர் தேவாங்கு மாதிரி உறவுக்காரர்கள் இந்தியாவில் எப்படி வந்தார்கள் என்று யோசித்தவர் பிலிப் ஸ்கிளேட்டர். இங்கிலாந்து விலங்கியலாளர். நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று யூகித்து, 1864-ல் அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். நிலம் மூழ்கவில்லை, இந்தியாதான் நகர்ந்து வந்தது என்பது பிறகு தெரிந்த சங்கதி. அதைக் காட்டிக்கொடுத்த சாட்சிகளில் முக்கியமானது, கல்.

மும்பை ரயிலில் போனவர்கள் லோனாவாலா மலைப்பாதையில் படிப்படியாக நிற்கும் கறுப்புப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு அது. அதற்குள் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருக்கிறது. குழம்பு ஆறி சுமார் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசை கல்லில் பதிந்துவிடுகிறது.

திசை என்றால் வடக்கு, தெற்கு மட்டுமல்ல, சாய்வும்தான். ஒரு காந்த ஊசியை எந்தப் பக்கமும் சாயும்படி தொங்கவிட்டால், தமிழ்நாட்டின் தென்கோடியில் கிட்டத்தட்ட படுக்கையாக நிற்கும். காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகத்தான் போகிறது. வடக்கே போகப் போக ஊசியின் வடக்கு முனை தரையைப் பார்க்கும். தெற்கே போனால் வானத்தைப் பார்க்கும். ஆக, சாய்வைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம்.

தக்காணக் கற்களில் அந்த முனை வானத்தைப் பார்க்கிறது! (பூமியின் காந்தம் தலைகீழாகப் புரண்ட காலத்து அடுக்குகளில் எல்லாமே எதிர்மாறாக இருக்கும். அங்கே கணக்குப் போட்டாலும் அதே இடம்தான் வரும்.) பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 30 டிகிரி தெற்கே உறைந்த கல் இன்று வடக்கே இருக்கிறது. வருடத்துக்குச் சில சென்டிமீட்டராக, 5,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம். ஆனால் கல் சொல்வது வடக்கு-தெற்குக் கணக்கு மட்டுமே. கிழக்கே நகர்ந்ததா மேற்கே நகர்ந்ததா என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டும்.

இதையெல்லாம் குரூப்பில் போட்டேன். "வெள்ளைக்காரன் சொன்னா நம்பிடுவியா?" என்றார் சித்தப்பா. லெமூரியா என்று பெயர் வைத்தவரும் வெள்ளைக்காரர்தானே? பனியுகம் முடிந்து கடல் சுமார் 120 மீட்டர் உயர்ந்ததில் கரையோர நிலங்கள் மூழ்கியது உண்மைதான், கண்டம் மட்டும்தான் இல்லை என்றும் எழுதினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் வரவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அவர் கேட்காவிட்டாலும் எட்வர்ட் இர்விங்கின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவர். இந்தியா நகர்ந்ததா என்று இந்தியக் கல்லிலேயே பார்க்கலாமே என்று தூண்டியவர், புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர். தக்காணத்திலிருந்து சில கற்களை வரவழைத்து இர்விங் அளந்தார். இந்தியா தெற்கிலிருந்து வந்ததாகவே காட்டியது. கண்டம் நகரும் என்று சொன்னால் பல பெரிய விஞ்ஞானிகளே சிரித்த காலம் அது. 1954-ல் அவர் கொடுத்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் ஏற்கவில்லை. பிஎச்.டி கிடைக்கவில்லை.

டிப்ளமோவோடு வேலைக்கு வந்து "அவ்வளவுதானா படிச்சிருக்கே?" என்ற கேள்வியை அடிக்கடி கேட்கும் எனக்கு இந்த இடத்தில் மனசு நின்றுவிட்டது. இர்விங் ஆஸ்திரேலியா போய், அங்கும் கற்களை அளந்துகொண்டே இருந்தார். 1965-ல் அதே கேம்பிரிட்ஜ் அவருக்கு பிஎச்.டி-யைவிடப் பெரிய எஸ்சி.டி பட்டம் கொடுத்தது.