டென்னசியிலிருந்து வந்த வியப்பு

கலிஃபோர்னியாவின் மூலைமுடுக்குகளைச் சுற்றிக் காட்டிய ஹ்யூவல் ஹவுசரைப் பற்றி, இங்கே வயதில் மூத்தவர்கள் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். அவருடைய ‘கலிஃபோர்னியாஸ் கோல்ட்’ 1991-இல் பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கியது. கையில் பெரிய மைக், ஒரே ஒரு கேமரா, எதைப் பார்த்தாலும் வாய்விட்டு வியக்கும் குரல். வேலைக்காக வந்து தங்கிவிட்ட எனக்கு இந்த மாநிலத்தை அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். ஆனால் அவர் பேச்சில் அமெரிக்கத் தெற்கின் வாடை. அப்படியானால் இந்த வியப்பு எந்த ஊர்ச் சரக்கு? தேடிப் பார்த்தேன்.

1945-இல் டென்னசி மாநிலத்தின் கேலட்டினில் பிறந்தவர். டென்னசி பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். அங்கே மாணவர் தலைவர். பிறகு செனட்டர் ஹோவர்ட் பேக்கரிடம் வேலை. அரசியலுக்குப் போகும் பாதை போலத்தான் தெரிகிறது. அவரோ நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். தொலைக்காட்சியில் சேர்ந்து, சாதாரண மனிதர்களைப் பற்றிய சின்னச் சின்னச் செய்திப்படங்கள் எடுத்தார். நான் தேடிய வேர் அங்கேதான் இருந்தது. தன் அறிவைக் காட்டிக்கொள்ளாமல் எதிரில் நிற்பவரைப் பேசவிடும் பழக்கம், கலிஃபோர்னியாவை அவர் பார்ப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

பிறகு நியூயார்க், 1981-இல் லாஸ் ஏஞ்சலஸ். வணிகத் தொலைக்காட்சியில் செய்தியாளர் வேலை, கொஞ்ச காலம் சினிமாச் செய்திகளும்கூட. நிதானமாகக் கதை கேட்பவருக்கு அங்கே இடம் குறைவு. கே.சி.இ.டி. என்ற பொதுத் தொலைக்காட்சிதான் ‘வீடியோலாக்’ என்ற குறும்படங்களுக்கு இடம் கொடுத்தது. அதுவே வளர்ந்து அரைமணி நேர நிகழ்ச்சியானது. பல ஆண்டுகள் கேமராவைத் தோளில் சுமந்தவர் லூயிஸ் ஃபுவெர்டே.

எதிரில் நிற்பவரைப் பேசவிடும் அந்த முறையின் பலனைப் பார்க்க இரண்டு நிகழ்ச்சிகள் போதும். ஒன்றில், ஓய்வு பெற்ற சர்க்கஸ் பயிற்சியாளர் தான் வளர்த்த நீடா என்ற யானையைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சந்திக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அது அவரை நோக்கி வருகிறது. இன்னொன்று மன்சனார் பற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம் அது. அங்கே இளம்பெண்ணாக இருந்தபோது பாடியவரை ஹவுசர் பேச வைக்கிறார். யானையைப் பார்த்து நெகிழ்கிற அதே மனிதர்தான் நாட்டின் அவமானத்தையும் கேட்டுப் பதிவு செய்கிறார். வெகுளித்தனமான வியப்பு என்று அவரைக் கேலி செய்தவர்கள் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

மண்ணின் மைந்தருக்குப் பழகிப்போனது வந்தவருக்குப் புதிதாகத் தெரிகிறது. அந்தப் பார்வைக்கு அவசரப்படாத ஒரு பொதுத் தொலைக்காட்சியும் கிடைத்தது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஹவுசர்.

2013 ஜனவரி 7 அன்று அவர் காலமானார். அதற்கு முன்பே, 2011-இல், தன் நிகழ்ச்சிகள் அனைத்தையும் சாப்மன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் காப்பகத்தை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். மன்சனாரிலிருந்து தொடங்குங்கள்.