பரிசில்

2021 அக்டோபர் 7 அன்று சவூதி அரசு நிதியத்தின் தலைமையிலான குழு நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கழகத்தை வாங்கியது. மைதான வாயிலில் சிலர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆடினர். கடல் கடந்திருந்த நாமும் எம்பாப்பே வருவார் என்று கணக்குப் போட்டோம். செலவு வரம்பு விதிகள் நினைவில் இல்லை. கஷோக்ஜி கொலையுண்டு மூன்றாண்டே ஆகியிருந்தது, அப்பேச்சைத் தவிர்த்தோம். அதியமான் தம்மைக் காணாது அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்ததை வகுப்பில் விதந்து பேசுகிறவர்கள் நாம்!

2022 ஜனவரியில் வந்தவர்களுள் டான் பர்ன் ஒருவர். அருகிலுள்ள பிளைத் ஊர்க்காரர். சிறுவயதில் இதே கழகம் வேண்டாமென்று அனுப்பிய பையன். இவரா என்று உதட்டைப் பிதுக்கினோம்.

2025 மார்ச் 16. லீக் கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக முதல் கோலைத் தலையால் முட்டி அடித்தவர் அவரே. 1955க்குப் பின் கழகம் வென்ற முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை. வீட்டார் விழித்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு கூவினோம்.