ஜன்னல் யார் கையில்?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஆறிவிடும், குடித்துவிட்டு வாசியுங்கள்.

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. கட்டங்களை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்தால் பூனை நடக்கும், மியாவ் என்று கத்தும். திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாடம் வருவதற்கு முன்பே. 2009இல் வந்த 1.4 என்ற பதிப்பு. இணையம் வேண்டாம், அரதப்பழசான கம்ப்யூட்டரிலும் ஓடும். நம்ம ஊருக்கு அது பெரிய விஷயம்.

அந்தப் பதிப்பில் ஒரு ரகசியக் கதவு உண்டு. மேலே ஆங்கிலத்தில் இருக்கும் ஸ்கிராட்ச் என்ற பெயரில், ஆர் எழுத்தின் வட்டத்தை ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் ஒரு பட்டியல் வரும். 'திரையை நிறைத்திருப்பதை நிறுத்து' என்ற அர்த்தத்தில் அதில் ஒரு வரி. அதைத் தட்டியதும் ஸ்கிராட்ச் சற்றே சுருங்கி, பின்னால் வெறும் வெளி தெரியும். வீட்டுக்குள் இன்னொரு வீடு! அந்த வெளிவீட்டின் பெயர் ஸ்க்வீக். ஸ்மால்டாக் என்ற மொழியின் ஒரு வடிவம். 1996இல் ஆப்பிள் நிறுவனத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ் முதலியவர்கள் உருவாக்கியது. அந்தக் குழுவில் இருந்த ஜான் மலோனிதான் பிறகு ஸ்கிராட்சை எழுதியவர்களில் முக்கியமானவர்.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில், "சார், ஸ்மால்டாக்ல விண்டோவை வி.எம்.ல இருந்து வெளிய எடுத்துட்டாங்க தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். அரைமணி நேரம் சொன்னான். பிறகு நானும் இறக்கிப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

வி.எம். என்றால் வர்ச்சுவல் மெஷின். ஸ்மால்டாக்கில் எழுதியது எதுவும் நேராக கம்ப்யூட்டருக்குப் புரியாது. நடுவில் இருந்து ஓட்டித் தருவது இந்த மெஷின். பெயர்தான் மெஷினே தவிர அதுவும் ஒரு மென்பொருள்தான். விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று. நாம் எழுதிய நிரல், செய்துவைத்த பூனை, திறந்துவைத்த பட்டியல் எல்லாம் 'இமேஜ்' என்ற ஒரே கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு எந்த கம்ப்யூட்டருக்குப் போனாலும் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

ஸ்மால்டாக் பிறந்தது 1970களில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வுக்கூடத்தில். அங்கே திரை முழுக்க அதற்கே சொந்தம். இன்று நாம் பார்க்கும், ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் ஜன்னல்களையே உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். பிறகு விண்டோஸ், மேக் என்று அடுத்தவர் வீட்டுக்குக் குடிவந்தபோது, அந்த வீட்டுக்காரர் தரும் ஒரு ஜன்னலுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. அந்த ஜன்னலைத் திறப்பது, மவுஸ் எங்கே நகர்ந்தது, எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று கேட்டுச் சொல்வது எல்லாம் வி.எம். வேலையானது. உள்ளே இருக்கும் நிரலுக்குச் சில எண்கள் மட்டும் வந்து சேரும். இரண்டாவதாக ஒரு ஜன்னல் வேண்டுமென்றால் சுலபத்தில் கிடைக்காது. அதை மாற்றவும் முடியாது, ஏனென்றால் அது சி மொழியில் எழுதப்பட்டு இயந்திரத்துக்குள் புதைந்து கிடக்கிறது.

ஸ்க்வீக்கிலிருந்து 2008இல் பிரிந்த ஃபாரோ என்ற கிளை இதைத்தான் மாற்றியது. 2021 ஜூலையில் வந்த அதன் 9ஆம் பதிப்பில் வி.எம். தானாக ஜன்னல் எதையும் திறப்பதில்லை. இமேஜுக்குள் ஸ்மால்டாக்கிலேயே எழுதிய நிரல், எஸ்.டி.எல். என்ற பொது நூலகத்தைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கிறது. விளையாட்டு மென்பொருள்கள் பலவற்றில் இருப்பது அதே எஸ்.டி.எல்.தான். கீ, மவுஸ் செய்திகளையும் அந்த நிரலே வாங்கிக்கொள்கிறது. ஜன்னலே வேண்டாத சர்வருக்கும் அதே வி.எம். போதும்.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறதல்லவா? சேலையில் மயிலை எடுத்துவிட்டு மாங்காய் போட வேண்டுமென்றால் தறியைக் கழற்றுவோமா? அட்டையை மாற்றுவோம். பூ தறியில் இல்லை, துளை போட்ட அட்டையில் இருக்கிறது. ஃபாரோக்காரர்கள் ஜன்னலைத் தறியிலிருந்து அட்டைக்கு மாற்றிவிட்டார்கள்.

இதில் நமக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். தமிழ் வந்தது, அல்லது வரலாம்.

'கொ' என்று எழுதிப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குள் அது 'க', பிறகு ஒகரக் குறி என்று இரண்டு எண்கள். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும், நடுவில் க, பின்னால் கால். வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரையும் நிரலுக்கு இது ஏறாது. கொம்பு இடம் மாறி நிற்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தோன்றாது. ஸ்கிராட்ச் 1.4இல் இதற்காகவே வி.எம்.முக்குத் தனியாக ஒரு செருகு நிரலை சி மொழியில் எழுதிச் சேர்த்தார்கள். லினக்ஸில் அது பாங்கோ என்ற நூலகத்திடம் கேட்டு எழுத்தைக் கோத்து வரையும். நல்ல வேலைதான். ஆனால் அதில் ஒரு குறை இருந்தால் நம்மூர் வாத்தியாரோ பிள்ளையோ கைவைக்க முடியாது. சி படித்து, கம்பைலர் போட்டு, மூன்று இயங்குதளத்துக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

இப்போது ஃபாரோவில் ஜன்னல் நிரலைத் திறந்து வாசிக்கலாம். கீ அழுத்தியது தனிச் செய்தி, அதனால் கிடைத்த எழுத்து தனிச் செய்தி என்று எஸ்.டி.எல். பிரித்தே அனுப்புகிறது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறவர்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். அந்தச் செய்தி எங்கே வாங்கப்படுகிறது, எங்கே போகிறது என்று வரிவரியாகப் பார்க்க முடிகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலைத் திறப்பது வேறு, எழுத்தைக் கோத்து வரைவது வேறு. முதலாவது வெளியே வந்துவிட்டதால் இரண்டாவது தானாகச் சரியாகிவிடாது. ஆனால் வெளி நூலகத்தை நேரே கூப்பிடும் அதே வழியில் பாங்கோவையும் கூப்பிடலாம், வி.எம்.மைத் தொடாமலே.

விலை இல்லாமல் இல்லை. வெளி நூலகத்தைத் தப்பாகக் கூப்பிட்டால் ஸ்மால்டாக்கின் வழக்கமான பிழைச்செய்தி வராது, மொத்தமும் சுருண்டு விழும். அடுத்தது, இமேஜைச் சேமித்து நாளைக்குத் திறந்தால் நேற்றைய ஜன்னலின் அடையாள எண் செத்துப்போயிருக்கும். நேற்று வாங்கிய திருச்சுழி பஸ் டிக்கெட்டை இன்றைக்குக் காட்டினால் கண்டக்டர் ஏற்றுக்கொள்வாரா? ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாக ஜன்னல் வாங்க வேண்டும். முன்பு வி.எம். சத்தமில்லாமல் செய்த வேலை இது. எல்லாவற்றையும்விட விசித்திரம், ஜன்னல் நிரலைத் திருத்தும்போது தப்பு செய்தால் அந்தத் தப்பைக் காட்ட வேண்டிய ஜன்னலும் திறக்காது. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது போலத்தான்.

இருந்தாலும் நான் இந்த மாற்றத்தின் பக்கம். வெளியே எடுத்ததால் உடையும் என்பது உண்மை. உடைவதைப் பார்க்க முடிகிறதே! மூடிய பெட்டியில் பிள்ளை எதைக் கற்கும்?

ஸ்கிராட்ச் எதிர்த் திசையில் போய்விட்டது என்பது எனக்கு வருத்தம். 2013இல் ஃபிளாஷுக்கு மாறியது. 2019 ஜனவரியில் வந்த 3ஆம் பதிப்பு பிரவுசருக்குள் வாழ்கிறது. செல்போனில்கூட வேலை செய்கிறது, அழகாகவும் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆர் எழுத்துக்குப் பின்னால் இருந்த கதவு போய்விட்டது. அதன் ஜன்னல் இப்போது பிரவுசர்காரர்கள் கையில்.

ஃபாரோ இலவசம்தான். என் பழைய லேப்டாப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அதன் பிரவுசரில் 'ஓ.எஸ். விண்டோ' என்று தேடினால் நான் சொன்ன நிரல் வரும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கணினியில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல்லுங்கள். கரண்ட் இருந்தால் 'கொ'வை எப்படி வரைகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.